ஜோஸ்னாவின் முதுகு

எலியாவுக்கு வாய்க்கு முன்னால் கைதான் பேசும். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, பாறசாலை இறைச்சிக் கடைகளுக்கு மாடு ஓட்டுகிறவன். நடக்க மாட்டேன் என்று படுத்துவிடும் மாட்டின் முதுகில், தோல் பிளக்கும்வரை கம்பை இறக்குவான். அவனை உழைப்பாளி என்று சொல்பவர்களும் உண்டு. மண்ணாங்கட்டி.

அவனுடைய தங்கை ஜோஸ்னா. அப்பனும் அம்மையும் போன பிறகு, அந்த வீட்டுக்குச் சோறு பொங்கியதும் தொழுவம் வாரியதும் அவள்தான். குன்னத்துகால் பக்கத்துக் கன்னியர் மடத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார்கள். தேறினால் ஸ்பெயினில் முதியோர் இல்லத்தில் வேலை. தொண்ணூற்று மூன்றில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது லாட்டரி அடித்த மாதிரி. ஜோஸ்னா அந்த வகுப்பில் சேர்ந்தாள்.

போகாதே என்றான் எலியா. போவேன் என்றாள். மாட்டுக் கம்பை எடுத்தான். அவள் குப்புற விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. ரவிக்கை கிழிந்து சதையோடு ஒட்டிக்கொண்டது. அலறல் ரோடுவரை கேட்டது. ஒரு நாதியும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, படிப்பை நிறுத்துவதாகச் சொல்லவைக்க அவனே அவளை மடத்துக்கு இழுத்துப் போனான்.

"ஏட்டி, கல்லுப்படியில விழுந்தேன், இனி வரமாட்டேன்னு சொல்லணும். வேற வல்லதும் வாயில வந்தா, வீட்டுல வச்சு கொன்னு குழியில தாத்துருவேன், ஆக்கும்."

செய்யக்கூடியவன்தான். அவளுக்கு அது தெரியும்.

வகுப்பெடுக்கும் ஸ்பெயின்காரி சிஸ்டர் பிலார் எதிரே உட்கார்ந்தார். எலியா கம்பை மடியில் வைத்துக்கொண்டு தங்கையை ஒட்டி உட்கார்ந்தான். தமிழ், மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ் எல்லாம் அவனுக்குத் தெரியும்; ஸ்பானிஷ் மட்டும் தெரியாது. ஜோஸ்னா நாற்காலியில் சாயாமல் விறைத்திருந்ததைப் பார்த்து, எங்கே வலி என்று சிஸ்டர் இங்கிலீஷில் கேட்டார். வகுப்பு வழக்கப்படி பதில் ஸ்பானிஷில் வர வேண்டும். நீளமாகப் பேசினால் எலியா சந்தேகப்படுவான். ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

இங்கிலீஷில் எல்லா முதுகும் 'பேக்' தான். ஸ்பானிஷில் அப்படியில்லை. மனிதர் முதுகு எஸ்பால்தா. மாட்டின் முதுகு லோமோ.

"லோமோ," என்றாள் ஜோஸ்னா.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே திருத்தினார். "எஸ்பால்தா."

"லோமோ," என்று மறுபடியும் சொன்னாள். கண் அண்ணனின் மடியில் கிடந்த கம்புக்குப் போனது.

சிஸ்டரும் கம்பைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு செத்தது. மருந்து போட வேண்டும் என்று சொல்லி, ஜோஸ்னாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டார்.

நேரம் போகப்போக எலியாவுக்கு உறைத்தது. கதவை உதைத்தான். தடுத்த காவல்காரர் நேசையனின் மண்டையை உடைத்தான். சன்னல் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. தோட்டத்து வேலைக்காரர்கள் ஓடிவந்து, அவனை மண்ணில் கவிழ்த்துப் போட்டுக் கையைக் கட்டினார்கள். முகம் புழுதியில் தேய, அவன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

"ஏட்டி! அவகிட்ட என்னத்தட்டி சொன்ன?"

உடைந்த சன்னலுக்கு உள்ளேயிருந்து ஜோஸ்னாவின் குரல் நிதானமாக வந்தது.

"முதுகுண்ணுதான் அண்ணா சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லேல்ல."