சுவரோடு முடுக்கிய மேஜை

சிவப்பு ஆக்சைடு பெயின்ட் காயாத இரும்பின் வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் என் உள்ளங்கை தானாக மூடிக்கொள்ளும். ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், இரண்டே அறை கொண்ட எங்கள் வீட்டின் பின்னறையில் அந்த மேஜை வந்து இறங்கிய அன்று அடித்த வாசனை அது. மேஜை என்றால் சாப்பிடுகிற மேஜையோ படிக்கிற மேஜையோ இல்லை. அப்பா துப்பாக்கித் தோட்டா நிரப்புவதற்கென்றே சொல்லிச் செய்த மேஜை.

பதறவேண்டாம், அப்பா வேட்டைக்காரரும் இல்லை, வேறு எதுவும் இல்லை. தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு கிளப்பில், ஆகாயத்தில் வீசிவிடும் மண்தட்டுகளைச் சுடப் போகிறவர். அவருடைய அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. சுட்டுமுடித்த கூடுகளில் திரும்ப மருந்தும் ஈயக்குண்டும் நிரப்பிக்கொள்ள எழுத்துமூலம் அனுமதியும் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். கடைத் தோட்டா கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். தன் கையால் செய்யாத எதையும் நம்பமாட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அவள் பிறந்தது சாத்தூர்ப் பக்கம், கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள், அங்கே பெரியவர்கள் ஓதி ஓதி அவள் வாயில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பேச்சு ஒன்று உண்டு: "மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாது." அப்பா மருந்து டப்பாவைத் திறக்கிற நாளில் அம்மா அடுப்பைப் பற்றவைக்கமாட்டாள், எங்களுக்குப் பழைய சோறுதான். பத்து வயதுக்காரியான எனக்கு ஒரே ஒரு கட்டளை. "அந்த ரூமுக்குள்ள காலு பட்டுச்சு, ஒடிச்சுப்புடுவேன்." சொன்னால் செய்கிறவள்.

அப்பாவின் கவலையோ வேறு. மருந்து அளக்கும் தராசு பொடிசானது, மூச்சுவிட்டால் முள் ஆடும். அதற்கு அசையாத மேஜை வேண்டும். மேனாம்பேட்டில் ஒரு பட்டறையில் கனமான ஆங்கிள் இரும்பை வெல்டிங் வைத்து, மேலே இரண்டு அங்குல வேங்கைப் பலகை போட்டு, நாலு பேர் தூக்கிவந்து இறக்கினார்கள். அப்பா அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார், பிறகு குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னும் அரை நூல் ஆடுது" என்றார். தொழிற்சாலையில் எந்த மெஷினையும் அஸ்திவாரத்தோடு முடுக்கித்தான் பழக்கம் அவருக்கு. ஆனால் குவார்ட்டர்ஸ் தரையை உடைத்தால் எஸ்டேட் ஆபீசுக்குப் பதில் சொல்லவேண்டும். சுவரில் ஓட்டை போட்டால் கேள்வி இல்லை, காலி செய்யும்போது பட்டி பார்த்துச் சுண்ணாம்பு அடித்துவிடலாம், குவார்ட்டர்ஸில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் தெரிந்த வித்தை அது. ஆகவே நாலு பெரிய போல்ட் வைத்து மேஜையைச் சுவரோடு முடுக்கினார். அப்புறம் உடம்பையே சாய்த்து முட்டினாலும் அசையவில்லை.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ராணி அக்கா வீடு. அம்பத்தூர்ப் பக்கத்துப் பழைய ஊர்க்காரி, அவள் புருஷன் ஏழுமலை அப்பாவோடு ஒரே தொழிற்சாலை. மேஜையைப் பார்க்க வந்தவள், "இன்னாண்ணா, மேஜ போட்டுகீறயா இல்ல ஊட்டுக்கு முட்டுக் குடுத்துகீறயா?" என்று சிரித்தாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. குவார்ட்டர்ஸ் முழுவதுக்கும் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் அவள், அவளுடைய பெரிய கிரைண்டர் அதே சுவரை ஒட்டித்தான் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஆள் எடுக்கிற போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை அப்பா தராசில் ஒரு தடவை மருந்தை நிறுத்து, மேஜையோடு பொருத்திய அளவுக் குழாயைச் சரிசெய்துகொண்டார். அதன் கைப்பிடியைத் திருப்பினால் ஒரு தோட்டாவுக்கான மருந்து விழும். "இந்த மேஜையில ஒருதடவ நிறுத்தாப் போதும்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நிரப்பி முடித்துக் குளிக்கப் போனார். நான் விளையாட இரண்டு காலிக் கூடு எடுக்கலாம் என்று, கூடாது என்று தெரிந்தே, உள்ளே நுழைந்தேன். மேஜையின் ஓரத்தில் இருந்த தராசு முள் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. பலகையில் கை வைத்தேன், தூங்குகிற பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல் உள்ளங்கையில் குறுகுறுவென்றது. நான் தொட்டதால்தான் தராசு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, கூட்டையும் எடுக்காமல் வெளியே ஓடிவந்தேன். சொன்னால் கால் போகும். சொல்லவில்லை.

மறுநாள் காலை அப்பா தோட்டாப் பெட்டியோடு கிளம்பிப்போய் ஒருமணி நேரம் இருக்கும். இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். ராணி அக்கா வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கியதும், எங்கள் சுவர் அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்தேன். அதே குறுகுறுப்பு. அழுதுகொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அறைக்குள் போனதையும் சேர்த்து.

அம்மா என் காலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "நேத்து மருந்து அடைக்கிறப்ப கிரைண்டர் ஓடுச்சா?" என்றாள். ஓடியது. "படியைக் குலுக்கி அளந்தா அரிசி கூடக் கொள்ளுமே. மருந்தும் அப்படித்தானே இறங்கியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள், என்னை இழுத்துக்கொண்டுபோய் ராணி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். அளவு கூடினால் குழல் தாங்காது. துப்பாக்கி வெடித்தால் பிடித்திருக்கிறவன் கையும் கண்ணும் போகும். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ராணி அக்கா கதவைத் திறந்தாள். "இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப்போய் கீது?" விஷயம் கேட்டதும் மாவுக்கையாலேயே கிரைண்டரை நிறுத்திவிட்டு, "யோவ், வண்டிய எடு, அண்ணன் உசுரு" என்று கத்தினாள். ஏழுமலை மாமா கைலியோடே ஸ்கூட்டரை உதைத்தார். "ஏறும்மா, பேசிக்கினு நிக்காத." நான் முன்னால் நின்றுகொண்டேன், அம்மா பின்னால். வழியெல்லாம் அம்மா எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, "இன்னும் கொஞ்சம் வெரசா" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கிளப்பின் வேலிக்கு வெளியிலேயே வெடிச்சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மாவின் கை என் தோளைப் பிடித்து இறுக்கியது. சிவப்புக் கொடியைத் தாண்டக் கூடாது என்று யாரோ தடுத்தார்கள், அவள் தாண்டினாள். அப்பா துப்பாக்கியோடு சுடுமிடத்தில் நின்றிருந்தார், காதில் பஞ்சு. "ஏங்க, ஏங்க" என்று அம்மா கூப்பிட்டதற்கு இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. துப்பாக்கி தோளுக்கு உயர்ந்தது.

"சண்முகம்!"

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருதடவைதான். மைதானமே திரும்பியது. அப்பா துப்பாக்கியை மடித்துத் தோட்டாக்களை உருவிவிட்டு, அவமானத்தில் முகம் கறுக்க எங்களிடம் வந்தார். அம்மா இரண்டே வாக்கியம் சொன்னாள். அவர் முகம் மாறியது. "ஒண்ணும் ஆகல. எம் முறையே இப்பத்தான் வருது" என்று சொல்லி, திரும்பிப்போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தார். அதோடு மாநிலப் போட்டி போயிற்று.

வீட்டில் கூடத்துத் தரையில் தராசை வைத்து, மிச்சத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தார். கிரைண்டர் ஓடுவதற்கு முன் நிரப்பியவையோ என்னவோ, பல சரியாக இருந்தன. சிலவற்றில் மருந்து பயப்படும்படி கூடியிருந்தது. நிறுத்துக்கொண்டே, தலை நிமிராமல், "நீ எப்பம்ட்டி பாத்தே?" என்றார். "நேத்து" என்றேன். அடுத்த தோட்டாவைப் பிரித்தபடியே, "சரி, போய் விளையாடு" என்றார். அடித்திருந்தால் தேவலை. நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம்தான் வருகிறது. அப்பா அதற்குப்பிறகு தோட்டா நிரப்பவில்லை. போல்ட்டைக் கழற்றிச் சுவரைப் பூசிய பின், அந்த மேஜையில் அம்மா துணி தேய்த்தாள்.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆள் இல்லை, கூரையைப் பிளந்து அரசமரம் வளர்ந்திருக்கிறது. மேஜை எடைக்குப் போயிற்று. துப்பாக்கியை அப்பாவே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். ராணி அக்கா எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அம்மா போய் மூன்று வருஷம். அப்பா என்னோடு மாங்காட்டில் இருக்கிறார். போனமாதம் ஒரு சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்தவர் தானாகவே ஆரம்பித்தார்.

"ஏட்டி, அன்னைக்கு ஒங்கம்மாகிட்ட ஒரு பொய் சொன்னேன். எம் முறை வரலன்னேம்லா, முதல் சுத்துல ஆறு சுட்டு முடிச்சிருந்தேன். அதுல ஒண்ணு ஒதைச்ச ஒதையில ரெண்டு நாளு கையத் தூக்க முடியல."

"ஏம்ப்பா இத்தன வருஷம் சொல்லல?"

"சொன்னா நீ அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பே. பச்சப்பிள்ள. ராத்திரி தூங்கமாட்டே."

நான் அப்போதெல்லாம் நன்றாகத் தூங்கினேன் என்றே அவர் இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.