கரையாத மை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்பேனர் அப்பா கையில், டார்ச் மகள் கையில்.

“ஊருக்கே தண்ணி வரலன்னா எனக்குத்தான் ஃபோன் பண்றாங்க. என் வீட்டுக் குழாய் ஒழுகினா நான் யாருக்குப் பண்றது?”

“பண்ணித்தான் பாருங்களேன். நீங்களே எடுத்து, ‘உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம்’னு சொல்வீங்க.”

“டார்ச்ச நேராப் பிடி, மீட்டர். வாய் மட்டும் நேரா வேலை செய்யுது.”

மீட்டர் என்பது அவர் மகளுக்கு வைத்த பெயர். எடைக்கருவிகளும் வெப்பமானிகளும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. வேலைக்குப் போகும் முன்பே, பால் தம்ளரைத் தொட்டுவிட்டு இத்தனை டிகிரி என்று சொல்கிற பிள்ளை அவள்.

சொட்டுவது நின்றது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அந்தப் பேனாவுக்கு மை எந்தக் கடையில வாங்கின?”

“தபால் ஆபீசுக்கு எதிர்ல. ஏன், அதுக்குள்ள தீந்துடுச்சா?”

“தீரல. சும்மா கேட்டேன்.”

“நல்ல மைப்பா. தண்ணி பட்டாக்கூட அழியாது.”

“ம். அழியல” என்றார் அப்பா.

அந்த வாரமே, புதன்கிழமை, இரண்டு அழைப்புகளுக்கு நடுவே மேசைமீது தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவருடையது மூன்றாவது இருக்கை. தண்ணீர் வராதவர்கள், வந்தாலும் சேறாக வருகிறது என்பவர்கள், குழாய் உடைந்து தெருவே குளமானவர்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டுவார்கள். பதிலுக்கு ஒரு சொல் தடித்துப் பேசமாட்டார். எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்கிறார் என்று அலுவலகத்தில் அவருக்குப் பஞ்சு என்று பெயர்.

உறிஞ்சியதை எங்கே பிழிந்தார் என்பது வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வந்ததும் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, யாரிடமும் பேசாமல் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாள்களின் மறுபக்கத்தில் மைப்பேனாவால் எழுதுவார். முடித்ததும் தாள்களைக் குளியலறைக்குக் கொண்டுபோய் நீல வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் அலசுவார். எழுத்து புகைபோலக் கிளம்பிக் கலங்கி, தண்ணீர் வெளிறிய நீலமாகும். தாளைப் பிழிந்து குப்பையில் போட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, “அப்புறம், என்ன சேதி?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு.

பள்ளி நாட்களில் மகள் ஒருமுறை கேட்டாள். “கஷ்டப்பட்டு எழுதிட்டு ஏம்பா கரைக்கறீங்க?”

“குளிச்ச தண்ணிய யாராவது எடுத்து வைப்பாங்களா?”

அம்மா இறந்தபோது பல வாரங்கள் வாளி கவிழ்க்கப்படவே இல்லை. பிறகு ஒருநாள் கவிழ்ந்தது. “அப்புறம், என்ன சேதி?” என்றார். வீடு மறுபடி நடக்கத் தொடங்கியது.

இந்த ஆண்டு மகளுக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்தது. சொன்னபோது அப்பா, “நல்லது. போயிட்டு வா” என்றார். புகாரைப் பதிவு செய்துகொள்ளும் அதே குரல். அது மனசார வந்த பேச்சா, பஞ்சு உறிஞ்சிக்கொண்டதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மாலையே கடைக்குப் போய் விலை உயர்ந்த மைப்பேனாவும் ஒரு புட்டி மையும் வாங்கி வந்தாள். சட்டைப் பைகளையெல்லாம் கறையாக்கிய பழைய ஒழுகல் பேனாவை அவளே குப்பையில் போட்டாள்.

இப்போது வீட்டில் அவள் மட்டும். உறவினர்கள் வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்கள். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அடுத்த அறைவரை கேட்கிறது. மேசையில் அப்பா உட்காரும் நாற்காலி சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. திங்கட்கிழமை அவள் புது ஊரில் வேலையில் சேர வேண்டும். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் ‘போயிட்டு வா’ நிஜமா? அலமாரி, மெத்தையடி, பழைய தாள்கட்டு எல்லாம் துழாவினாள். அவர் எழுதிய ஒரு வரிகூட இல்லை. வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது.

சனிக்கிழமை பக்கத்து இருக்கை அத்தை வந்தாள். அப்பாவோடு பல வருடம் தோளோடு தோள் உட்கார்ந்து திட்டு வாங்கியவள். அப்பாவின் தேநீர்க் குவளையும் பேனாவும் ஒரு துணிப்பையில் இருந்தன.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு அத்தை.”

“பொய் சொல்றதுலயும் அப்பன் மாதிரியே. மூஞ்சி அசையாது.” பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். “இத வச்சுக்கிட்டு அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கே. வாளியில ஊறப்போட்டாராம். ஒரு எழுத்து கலங்கலையாம். சோப்புப் போட்டும் பாத்தாராம். ‘எம்பொண்ணு சோதிச்சு வாங்குனது, அவ்வளவு லேசுல போகுமா’ன்னு சிரிக்கறார்.”

மகள் நிமிர்ந்தாள். “அந்தத் தாள் எங்க அத்தை?”

“ஈரத்தோட ஆபீசுக்குக் கொண்டு வந்தார். ஜன்னல்ல காயவச்சு, காகிதம் நறுக்கற மெஷின்ல குடுத்தார். நூல் நூலாப் போச்சு.”

“என்ன எழுதியிருந்தது?”

“நான் பாக்கல. மேல விழுந்து பாக்கற ஆளா நான்? ஆனா எதப் பத்தின்னு சொன்னார்.” அத்தை குவளையின் பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “நீ ஊருக்குப் போறதப் பத்தி. ‘நறுக்கினா தீர மாட்டேங்குது, அதுபாட்டுக்கு உள்ள கெடக்கு. கரையற மை ஒரு புட்டி வாங்கி இன்னொரு தடவை எழுதணும்’னார். வேற பேனா வாங்கிக்கோங்களேன்னேன். ‘அவ வாங்கிக் குடுத்ததுலதான் எழுதணும்’னுட்டார். வியாழக்கிழமை கடைக்குப் போலாம், ஞாபகப்படுத்துன்னார்.”

வியாழக்கிழமை எல்லோரும் வேறிடத்தில் இருந்தார்கள்.

அத்தை போனபிறகு மகள் மேசையில் உட்கார்ந்தாள். தன் ரயில் டிக்கெட் நகலின் மறுபக்கத்தில், அப்பாவின் பேனாவால் எழுதத் தொடங்கினாள். முதலில் சோதனை அறிக்கைபோல வந்தது: குழாய் ஒழுகவில்லை, வாஷர் சரியாக இருக்கிறது. பிறகு அப்படி வரவில்லை. கையெழுத்து சாய்ந்தது. பக்கம் நிறைந்தபோது அவள் கழுத்து நனைந்திருந்தது.

வாளியை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்துத் தாளைப் போட்டாள். அப்பா செய்வதுபோல அலசினாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அடியில் அவள் எழுதிய ஒவ்வொரு வரியும், படிக்கத் தோதாக, அப்படியே கிடந்தது. மை நாருக்குள் இறங்கிவிட்டது, இனி வெளியே வராது. கடைக்காரரிடம் அவள்தான் அதைக் கேட்டு உறுதிப்படுத்தி வாங்கினாள்.

ஞாயிறு மாலை, ரயிலுக்கு முன், தபால் அலுவலகத்துக்கு எதிர்க்கடைக்குப் போனாள். கடைக்காரர் அடையாளம் தெரிந்து சிரித்தார்.

“என்னம்மா, பேனா எப்படி எழுதுது? அப்பாவுக்குப் பிடிச்சுதா?”

“பிடிச்சுது.”

“வேற என்ன வேணும்?”

அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் கரையும் மை வரிசையாக இருந்தது. சிறிய புட்டி. கைநீட்டினால் எட்டிவிடும்.

“அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கறேன்” என்றாள். வீட்டில் வாளி இன்னும் நிமிர்ந்தே இருந்தது.