உப்புத்தண்ணி ஜோடி

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணையை ஒட்டி இருந்தது. அங்கிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். நாமக்கல்லில் கல்லூரியை முடித்திருந்த அக்காவோ, தூத்துக்குடிக்குப் போய்க் கடல் மீன்களைப் பற்றி மேலே படிப்பேன் என்று நின்றாள். அப்பா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அப்பா முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மறுபடியும் கேட்டாள். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அப்பா நிமிராமலே சொன்னார்.

"கடல் மீனு ஆணும் பொண்ணுமா ரெண்டை நம்ம ஊட்டுல ஜோடி சேர்த்துக் காட்டு சாமி. அப்பறம் எங்க வேணும்னாலும் போ."

முடியாது என்ற தைரியத்தில் சொன்னது அது. அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. உப்புப் பொடியைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, பாறைக் கற்களை அடுக்கி, தண்ணீர் பக்குவமாகும் வரை பல வாரங்கள் வெறும் தொட்டிக்கே காவலிருந்தாள். பிறகு சேலத்திலிருந்து இரண்டு கடல் ஏஞ்சல் மீன்கள் வாங்கி வந்தாள். ஆரஞ்சு உடம்பு, ஊதா ஓரம். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அப்பா குனிந்து பார்த்தார்.

"இதுல எது ஆணு?"

"ரெண்டும் பொண்ணுதானுங்கப்பா. ஒண்ணா இருந்தாப் பெருசு ஆணா மாறிக்கும். சிறுசு அப்படியே இருந்துக்கும்."

அப்பா ஆயிரக்கணக்கான பெட்டைக் கோழிகளை வைத்துப் பிழைப்பவர். முட்டைப் பண்ணையில் சேவலுக்கு வேலையே கிடையாது. அவர் சிரித்த சிரிப்பில் லோடு ஏற்ற வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் பெரியது சிறியதைத் துரத்தித் துரத்திக் கடித்தது. மறுநாள் காலையில் சிறியதன் வால் கிழிந்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள் அம்மா. அக்காவோ துளை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வெட்டித் தொட்டிக்கு நடுவே செருகினாள். சிறியதன் பக்கம் ஒளிந்துகொள்ளக் கூடுதலாகக் கற்கள் வைத்தாள். வால் வளர்ந்ததும் தடுப்பை எடுத்தாள். மறுபடி கடி. மறுபடி தடுப்பு.

"உட்டுத்தொலையேன் கண்ணு" என்றார் அப்பா.

"உடமாட்டேனுங்க."

சித்திரை வெயிலில் கரண்ட் போனபோதெல்லாம் தண்ணீர் சூடாகாமலிருக்க ஐஸ் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டாள். உப்பில் வெடித்துப்போன கையோடு தண்ணீர் மாற்றினாள். கடைசியில் ஒரு முறை தடுப்பை எடுத்தபோது பெரியது சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, கடிக்கவில்லை. சில நாள் கழித்து, விளக்கு மங்கும் மாலை வேளையில், இரண்டும் ஒன்றையொன்று உரசியபடி மேலே எழும்பி இறங்கின. அக்கா மூச்சுவிடாமல் பார்த்தாள். பின்னால் அப்பாவும் நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அப்பா அவர்களைத் தொட்டி முன்னால் உட்கார வைத்து, "எங்க புள்ள சேர்த்து வெச்ச ஜோடிங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா மெச்சினாள்.

"பொண்ணுக்கு நல்ல பொறுமைங்க. குடும்பத்துக்கு ஏத்த குணம்."

பழைய சுடிதாரோடு, உப்புப் பூத்த கையோடு அக்கா வந்து நின்றாள்.

"பொறுமை இருக்குதுங்க. அதை வெச்சு நான் தூத்துக்குடியில படிக்கப் போறேனுங்க. ஜோடி சேர்த்துட்டாப் போலாமுன்னு அப்பா சொல்லியிருக்காருங்க."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க, அப்பா சொன்னாருங்க. நானும் கேட்டேன்" என்றேன். மீன்கள் ஜெயித்ததைச் சொல்கிறோம் என்பதற்கு மேல் அந்த வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்தார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் அம்மா சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். எனக்கு அடி நிச்சயம் என்று நினைத்துச் சுவரோரமாக ஒதுங்கினேன். அப்பாவோ ஆறிப்போன காபியில் ஒரு தம்ளரை எடுத்து நின்றபடியே குடித்தார்.

"உன்னைய எப்பக் கொண்டுபோய் உடோணும்?"

"நானே போயிக்கிறேனுங்க" என்றாள் அக்கா.

அப்பா இன்னொரு தம்ளரை எடுத்தார். அவர் மகளிடம் தோற்றுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. தோற்ற முகம் ஏன் அப்படிப் பூரித்திருந்தது என்பது மட்டும் அன்றைக்கு விளங்கவில்லை.