நிறுத்தக் கூடாத படம்

அழுதாராம்மா, அந்த அமெரிக்கா டாக்டர்! கதாநாயகி கடலைப் பார்த்து நின்றதும் துக்கம் தொண்டையை அடைத்தது என்று கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பினார். அவரைப் பெற்றவள் செங்கல்பட்டில் கண் ஆபரேஷன் முடிந்து, தனக்குத் தானே சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அடைக்காத தொண்டை இதற்கு அடைத்ததாம்.

நீ இந்த மாடிக்குக் குடிவருவதற்கு முன்னால் நடந்த கூத்து இது. நாவலூருக்கு நாங்கள் வந்த புதிது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் மகன் ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்ப்பான். வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் கம்ப்யூட்டர் பார்ப்பான். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு சினிமா கிளப் ஆரம்பித்தான். கிளப் என்றதும் சீட்டாட்டம் என்று பயந்தேன். இது அதைவிட மோசம். அந்த டாக்டரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வீட்டில், ஒரே பழைய படத்தை ஒரே நேரத்தில் பார்ப்பார்களாம். பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரில் எழுதிப் பேசிக்கொள்வார்களாம்.

"ஏன்டா, கூடி உக்காந்து பாக்கத்தான் சினிமா கொட்டா கட்டி வெச்சிக்கீறான். ஒண்டியா பாத்துகினு கூடிப் பாக்கறோம்ன்றியே, வெக்கமா இல்ல?"

"இது ஆன்லைன்மா."

"இன்னா லைனோ. முறுக்கு விக்கறவன் வருவானா அதுல?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அமெரிக்காவில் அப்போதுதான் பல் விளக்குவார்கள். எல்லோரும் அந்தப் படத்தின் சி.டி.யைப் போட்டுவிட்டு "ரெடி" என்று எழுத வேண்டும். என் மகன் மூன்று எண்ணுவான். மூன்றில் பன்னிரண்டு வீட்டிலும் பட்டனை அழுத்த வேண்டும். அப்புறம் நடுவில் யாரும் நிறுத்தவே கூடாது. அதுதான் அவன் போட்ட முதல் ரூல். ஒருவர் நிறுத்தினால் அவர் பின்தங்கிப் போவார், அவர் இன்னும் பார்க்காத கதையை மற்றவர்கள் பேசிக் கெடுத்துவிடுவார்கள். பால் பொங்கினாலும் சரி, குழந்தை அழுதாலும் சரி, படம் ஓட வேண்டும். மின்சாரம் போன வீடு அதோடு தொலைந்தது, இரண்டாவது சி.டி. மாற்றும்போதுதான் திரும்பச் சேர முடியும். ரயில் பிடிக்கிறவர்கள்கூட இத்தனை பதைப்புப் படமாட்டார்கள்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்வதை மருமகள்தான் தட்டுவாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கை மழை மாதிரி ஓடும். ஆனால் என் பேச்சைச் சலவைக்குப் போட்டுத்தான் அனுப்புவாள். "இந்தக் கதாநாயகன் இன்னாத்துக்கு கோந்து குடிச்சவனாட்டம் பேசறான்?" என்று நான் சொன்னால், "வசன உச்சரிப்பில் சற்றே நிதானம் தெரிகிறது" என்று போகும். அதைப் படித்துவிட்டு சிங்கப்பூர் புரொபசர் ஒருவர், "அம்மாவின் ரசனை நுட்பமானது" என்று எழுதுவார். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வரும்.

ஒரு ஞாயிறு, மீனவப் பெண் ஒருத்தி படகில் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம். கடல் காட்சியெல்லாம் மாமல்லபுரம் பக்கம் எடுத்தது என்று மகன் சொன்னான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

எனக்குப் பத்து வயதில் எங்கள் ஊர்க் கரைக்குச் சினிமாக் கம்பெனி வந்தது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் தெருப் பெண்களை மணலில் வரிசையாக நிறுத்தினார்கள். என் அம்மாவும் நின்றாள். ஆளுக்கு ஒரு பொட்டலம் எலுமிச்சம் சாதம். படத்தின் பேர் என்ன என்று எங்களிடம் யார் சொன்னார்கள்? அடுத்த தை மாதம் அம்மா ஜன்னி கண்டு போய்விட்டாள். போட்டோ கிடையாது. அம்மாவின் கை எனக்கு ஞாபகம் இருந்தது, குரல் ஞாபகம் இருந்தது, முழங்கைக்கு மேலே பச்சை குத்திய தேள் ஞாபகம் இருந்தது. முகம் மட்டும் வரவே வராது. ஐம்பது வருஷம் கண்ணை மூடி மூடிப் பார்த்திருக்கிறேன்.

இதை மகனிடம் சொன்னேன். "இந்தப் பக்கம் எத்தனையோ படம் எடுத்திருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணப் போய்விட்டான்.

படம் ஓடியது. புரொபசர் முன்கூட்டியே எழுதிவிட்டார்: கடற்கரைக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் கதாநாயகிக்கு முதுகைக் காட்டி நிற்பாள், பெண்ணின் துயரத்துக்குச் சமூகம் முதுகைக் காட்டுவதன் குறியீடு அது, கவனியுங்கள். எல்லோரும் ஆகா என்றார்கள். டாக்டர் அங்கேதான் தொண்டையை அடைத்துக்கொண்டார்.

வரிசையாகப் பெண்கள். மூன்றாவதாக ஒரு முதுகு. அள்ளி முடிந்த கொண்டை. கையில் தேள்.

"நிறுத்துடா!"

"அம்மா, நிறுத்தக் கூடாது. ரூல்."

"அது எங்கம்மாடா!"

அதற்குள் கதாநாயகி மூஞ்சி வந்து திரையை அடைத்துக்கொண்டது. கண்ணீர் வழிய வழிய அதையே காட்டினான் படம் எடுத்தவன். என் மகன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். அவன் போட்ட ரூல், பன்னிரண்டு வீட்டில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மருமகள்தான் வாய் திறந்தாள். "என்னங்க, எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க."

அவன் தட்டினான். தட்டிவிட்டு வாய்விட்டுப் படித்தான்: "எல்லோரும் நிறுத்துங்கள். கொஞ்சம் பின்னால் போங்கள். அது என் பாட்டி."

அப்புறம் ஒவ்வொருவராக, நிறுத்திவிட்டேன், நிறுத்திவிட்டேன் என்று வந்தது. எந்தப் பெண் என்று கேட்டார் புரொபசர். முதுகைக் காட்டி நிற்பவர் என்று போனது. சமூகம் ஏன் திரும்பி நின்றது என்று கேட்டார்.

"எழுதுடி," என்றேன். "நான் ஆட்டுக் கயித்த வுட்டுட்டேன். அது சவுக்க மரத்துல காயப்போட்ட சினிமாக்காரி சவுரி முடிய மென்னுகினு இருந்தது. எங்கம்மா என் பக்கம் திரும்பி என்ன ஏசினா. குறியீடும் இல்ல, கிறியீடும் இல்ல, ஆடு!"

அன்றைக்கு மட்டும் மருமகள் சலவை செய்யவில்லை. அப்படியே அனுப்பினாள். புரொபசர் அப்புறம் இரண்டு வாரம் குறியீடு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

எங்கள் சி.டி.யில் எப்படி நிறுத்தினாலும் முதுகுதான். போகட்டும், முதுகாவது கிடைத்ததே என்று நான் எழுந்தேன். அப்போதுதான் டாக்டர் எழுதினார். அவருடைய மெஷினில் காட்சியைத் துளித்துளியாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தலாமாம். காட்சி மாறுவதற்கு முன்னால், கடைசியில் அம்மா திரும்புகிறார், முகம் வருகிறது என்று எழுதினார். கையோடு அதைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பிவிட்டார்.

ஒரு கன்னம், ஒரு மூக்குத்தி, ஏசிக்கொண்டே சிரிக்கிற பாதி வாய். மருமகளைவிடச் சின்னப் பெண், எங்கம்மா! இந்தப் பொடிசா என்னைத் துடைப்பத்தால் துரத்தினாள்? எனக்கு அழுகையே வரவில்லை. சந்தோஷத்தில் வெங்காயத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தேன். கதாநாயகி மூஞ்சியை அவ்வளவு நேரம் காட்டினானே கழுதை, இவளைக் கண் இமைக்கிற நேரம் கூடுதலாகக் காட்டினால் குறைந்தா போயிருப்பான்?

அதோ சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதுதான். யாரோ சினிமா நடிகை என்றுதானே நினைத்தாய்?

இதற்காக அந்த டாக்டரை நல்லவர் என்று சொல்லிவிடுவேன் என்று நினைக்காதே. "எங்கம்மாவ தேடிக் குடுத்தியே ராசா, போய் உங்கம்மா கண்ணுக்கு மருந்து வுடு" என்று தட்டச் சொன்னேன். சலவை செய்தாளா, அப்படியே அனுப்பினாளா, மருமகள் இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள். ஆனால் சித்திரையில் அவர் செங்கல்பட்டுக்கு வந்து... ஐயையோ, தீய்ந்த வாடை வரவில்லை? பால்! நகரும்மா, நகரு.