அப்பாவின் வயிறும் பழைய சோறும்

1. ஜூலையில் தோணியைக் கரையேற்றிப் பழுது பார்த்தபோது அப்பாவின் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. சீழ் பிடித்தது.
2. பத்து நாள் ஆன்டிபயாடிக். கால் ஆறியது.
3. வயிறு கெட்டது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தடவை.
4. மலப் பரிசோதனையில் கெட்ட கிருமி எதுவும் இல்லை. மருந்து நல்ல கிருமிகளையும் அழித்திருக்கலாம், தயிர், மோர், பழைய சோறு கொடுத்துப் பாருங்கள், நாளாகும் என்றார் டாக்டர்.
5. தோணி மாலத்தீவுக்குக் கிளம்ப ஐந்து வாரம் இருந்தது. அப்பாதான் அதன் தண்டல். தோணியும் ஆட்களும் அவர் பொறுப்பு.

இறால் ஏற்றுமதி செய்யும் ஆலையில், ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை எண்ணுவது என் வேலை. பரிசோதனைத் தட்டில் கிருமி ஒன்றும் முளைக்காவிட்டால் எங்களுக்கு நல்ல நாள். வீட்டில் இப்போது நேர்மாறாக, அவற்றை வளர்த்து உயிரோடு அப்பாவின் குடலில் சேர்க்க வேண்டியிருந்தது.

தயிர் முதல் நாளே தோற்றது. எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் கிடையாது.

"மீன் தின்ன வயித்துல தயிரா? மேலெல்லாம் வெள்ளை பூத்துரும்ளா. பொறவு துறைமுகத்துல எவனும் தண்டல்னு கூப்பிட மாட்டான், வெள்ளக்காரத் தொரைன்னுதான் கூப்பிடுவான்" என்றார் அப்பா.

"அப்படியெல்லாம் வராதுப்பா."

"நீ தட்டுல வளக்குத பூச்சி வந்து சொல்லிச்சாக்கும்?"

பழைய சோற்றுக்குச் சம்மதித்தார். ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, மண்சட்டியில் மூடி வைப்பேன். காலையில் மூடியைத் திறந்தால் இலேசான புளிப்பு வாடை வரும். சரியாகப் புளித்திருக்கிறது என்று திருப்தியோடு ஆறரை மணிக்கு ஆலை வேனில் ஏறிவிடுவேன். எட்டு மணிக்கு அம்மா அவருக்குக் கொடுப்பாள். நோட்டில் தேதி, எத்தனை தடவை என்று எழுதி வந்தேன். ஆறு. ஏழு. ஆறு. இரண்டு வாரம் எதுவும் மாறவில்லை.

பதினைந்தாம் நாள் ஆலையில் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி எங்களுக்கு விடுமுறை விட்டார்கள். எட்டு மணிக்கு அடுப்படிக்குப் போனேன். பழைய சோறு அலுமினியச் சட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"உங்கப்பாவுக்குத்தான்."

"தினமும் கொதிக்க வச்சா குடுத்தே?"

"ஒரு நாள் தவறல. வயித்தால போற மனுசனுக்கு யாராவது பச்சத்தண்ணிச் சோறு குடுப்பாகளா ஏளா? நீதான சொன்ன, நல்லாக் கொதிச்சாத்தான் கிருமி சாகும்னு."

சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு வயிறு கெட்ட முதல் நாள், குடிதண்ணீரைப் பற்றி. அம்மா அதைச் சோற்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். புளிக்க வைக்கச் சொன்ன நான், சூடாக்கக் கூடாது என்று சொல்லவே இல்லை. அவளைக் கோபிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அடுப்பை அணைத்தேன். அதற்குள் அதில் உயிரோடு எதுவும் இருந்திருக்காது.

மறுநாளிலிருந்து சூடாக்கவில்லை. பத்து நாளில் ஆறு ஐந்தானது, சில நாள் நான்கு. பழைய சோறு செய்த வேலையா, நாளாகித் தானாகக் குறைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே ஒரு வயிற்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது என் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

சரக்கு ஏற்றுவதைப் பார்க்கப் போன அப்பா பாதியிலேயே திரும்பி வந்தார்.

"தோணியில கக்கூஸ் தெரியும்லா? பின்னால கட்டித் தொங்குத பலகை. ஆடுத கடல்ல நாளைக்கு அஞ்சு தடவை அதுல போய்க் குந்துனா, சரக்கு மட்டுந்தான் மாலத்தீவு போய்ச் சேரும்" என்றார். அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தோணி முதலாளிக்கு போன் போட்டு, வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார்.

போன வியாழக்கிழமை தோணி வேறு தண்டலோடு கிளம்பிவிட்டது. இன்று அப்பாவுக்கு நான்கு தடவை. அடுத்த பயணத்துக்குள் சரியாகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.