ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும், அதற்கு முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளை அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளவும், ஆனால் விஷயத்தில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டாம். நாலு பேர் எதிரில் வாய் திறந்து பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

பேய், காற்று, கருப்பு எதையும் நான் நம்பியதில்லை. ஆம்பூருக்கு வெளியே முப்பது வருஷமாக மெக்கானிக் வேலை செய்கிறேன். வண்டி கிளம்பவில்லை என்று எலுமிச்சம்பழத்தோடு வருகிறவர்களிடம் முதலில் பேட்டரியைப் பார் என்பேன். இது ராத்திரி நடந்ததும் இல்லை. காலை பதினோரு மணி, நல்ல வெயில், எட்டுப் பேர் கூட இருந்தார்கள். அதில் ஏழு பேர் இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஒரு பழைய பெட்ரோல் லாரி இருந்தது. என் வயதைவிட அதற்கு வயது ஜாஸ்தி. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாததால் காம்பவுண்டுக்குள்ளேயே உப்பு மூட்டை, சுண்ணாம்பு, ஈரத்தோல் என்று இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் காதர் பாய். பின்னால் நின்று ரிவர்ஸ் சொல்கிறவன் சேகர். எல்லோரும் வண்டியை நிறுத்த ஒரே தட்டாகத் தட்டுவார்கள். சேகர் மட்டும் பின்கதவில் வேகமாக ரெண்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டுவான். அந்த மூன்றாவது தட்டு விழுந்ததும் பாய் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் பிரேக்கை மிதிப்பார்.

போன மாசியில் சேகர் இறந்துபோனான். கழிவுத் தொட்டிக்குள் சகதி வார இறக்கினார்கள், பிணமாகத்தான் மேலே வந்தான். குடித்திருந்தான், கால் வழுக்கி விழுந்தான் என்று சூப்பர்வைசர் சொன்னார், அதையே எழுதிக்கொண்டார்கள். சேகர் பீடிகூடத் தொடாதவன். விசாரிக்க வந்தவர்கள் என்னிடமும் கேட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யார்மேல் கோபப்பட்டாலும் அதில் பாதி என்மேல்தான்.

ஐப்பசியில் என்னைக் கூப்பிட்டார்கள். லாரி மிஸ்ஸிங் அடிக்கிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரு நொடி யோசித்துவிட்டு இழுக்கிறது, குலுக்குகிறது, அணைந்துவிடுகிறது என்றார்கள். கார்புரேட்டர் வண்டியில் இது சாதாரணம். கார்புரேட்டரை இறக்கிப் பிரித்து ஊதினேன், ஒரு துளி தூசி இல்லை. பிளக்குகளைத் துடைத்துப் போட்டேன், பாயிண்ட் இடைவெளி பார்த்தேன், கண்டென்சர் மாற்றினேன். ஷெட்டில் ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எந்த வயரைப் பிடுங்கினாலும் சத்தம் கம்மியானது, அப்படியானால் எல்லா சிலிண்டரும் வேலை செய்கிறது என்று அர்த்தம். வண்டி பூப்போல ஓடியது. காம்பவுண்டைச் சுற்றிக் கழிவுத் தொட்டிப் பக்கம் போனால் மட்டும் குலுக்கல். திரும்பி வந்தால் இல்லை. மூன்று முறை இப்படி நடந்தது, மூன்று முறையும் சூப்பர்வைசர் என்னைத்தான் திட்டினார்.

"இன்னாய்யா மெக்கானிக்கு நீ? சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போ."

அவர் அவசரம் எனக்கு நாலாவது நாள்தான் தெரிந்தது. மழைக்குப் பிறகு தொட்டி நிரம்பி, பல மாதமாக மூடியே கிடந்தது. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தார். சின்னவன் பெயர் குமார், கல்யாணமாகி ஆறு மாதம் என்று டீ குடிக்கும்போது சொல்லிச் சிரித்தான். ஜெனரேட்டரும் பம்பும் லாரிமேல். அதைத் தொட்டியருகே கொண்டுபோய்த் தண்ணீரை இறைத்துவிட்டு, இந்த இருவரையும் கயிறு கட்டி உள்ளே இறக்குவதாக ஏற்பாடு. முகமூடி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒருவன் செத்த அதே தொட்டி.

பாய் ரிவர்ஸ் எடுத்தார். தொட்டி கிட்டே போனதும் வண்டி தயங்கியது, குலுக்கியது. பின்சக்கரம் சரியாகத் தொட்டியின் இரும்பு மூடிமேல் ஏறி நிற்க, குலுக்கிக்கொண்டே நின்றுவிட்டது, ஆனால் இந்த முறை அணையவில்லை. நான் பானெட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் நுனியை இஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். ஒரு சிலிண்டர் செத்திருந்தால் மிஸ்ஸிங் ஒரே தாளத்தில் வரும். பெட்ரோல் அடைப்பென்றால் கன்னாபின்னாவென்று வரும். இது இரண்டும் இல்லை. வேகமாக ரெண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. மறுபடியும் ரெண்டு, விட்டு ஒன்று.

பாயைப் பார்த்தேன்.

"பாய், கேக்குதா?"

"மிஸ்ஸிங்தான் கேக்குது. பேஜார் பண்ணாத, வேலைய பாரு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், என் கை தானாகப் போனது. இஞ்சினை நிறுத்தினேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த ரோட்டாரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் அது இல்லாமல் எந்தப் பிளக்குக்கும் கரண்டு போகாது, வண்டி அசையாது. வண்டி அசையாவிட்டால் மூடி திறக்காது.

"யாரும் உள்ள எறங்கக் கூடாது," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இன்னாது?" என்றார் சூப்பர்வைசர். "நீ யாருய்யா சொல்றதுக்கு? எட்டுப் பேர் இருக்கீங்க, தள்ளுங்கடா வண்டிய."

"அவ்ளோ வெயிட்ட மேட்டுல தள்ள முடியாது சார்," என்றான் குமார். அவன் கயிற்றை இடுப்பில் பாதி கட்டியிருந்தான். "அண்ணே, எங்க கூலியில மண்ண போட்டுடாதீங்க."

"உன் பொண்டாட்டி தாலியில மண்ணு விழுறதுக்கு இது பரவால்ல தம்பி."

சூப்பர்வைசர் என் சட்டையைப் பிடித்தார். அப்போதுதான் அது கேட்டது. பாயும் இறங்கி வந்துவிட்டார், நாங்கள் எல்லோரும் வண்டிக்கு முன்னால், பானெட் பக்கம் நின்றிருந்தோம். பின்னால் ஒரு ஆள் இல்லை, இஞ்சினும் ஓடவில்லை. பின்பக்கம் இரும்புமேல் தட்டும் சத்தம். வேகமாக ரெண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

சூப்பர்வைசர் என் சட்டையை விடாமலே தலையை மட்டும் திருப்பிக் கத்தினார்:

"டேய் சேகரு, சும்மா தட்டிக்கினு கெடக்காதடா, வேலைய பாரு!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. என் சட்டையை விட்டார். முகம் சுண்ணாம்புத் தோல் மாதிரி வெளுத்துவிட்டது. ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குமார் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டான். அன்றைக்கு யாரும் இறங்கவில்லை.

மறுநாள் வெளியிலிருந்து உறிஞ்சும் வண்டி வரவழைத்தார்கள். லாரியைக் கிரேன் வைத்து நகர்த்தினார்கள். வந்தவர்களில் ஒருவர் விஷவாயு பார்க்கும் கருவியை மூடிக்குக் கீழே காட்டினார், அது விடாமல் அலறியது. "நேத்து எவனாச்சும் இதுக்குள்ள எறங்கியிருந்தா ரெண்டு மூச்சு இழுத்திருக்க மாட்டான்," என்றார்.

இப்போது அந்த சூப்பர்வைசர் ஊர் முழுக்கச் சொல்கிறார், நான் வேண்டுமென்றே வண்டியைக் கெடுத்தேனாம், பெட்ரோலில் சர்க்கரை போட்டேனாம். என்னைக் காம்பவுண்டுக்குள் விடுவதில்லை. படித்த பிள்ளை ஒருவன் சொல்கிறான், மூடி இடுக்கில் கசிந்த வாயுவை இழுத்துத்தான் இஞ்சின் தயங்கியதாம். இருக்கட்டும். வாயு இஞ்சினைத் திணறடிக்கும், ரெண்டு தட்டி விட்டு ஒன்று தட்டுமா? நிறுத்திய வண்டியில் தட்டுமா? எதுவுமே கேட்கவில்லை என்றால் அந்த மனிதர் யாரைப் பார்த்துக் கத்தினார்?

லாரியை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ரோட்டார் மட்டும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். போன வாரம் காதர் பாய் என் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். சேகர் உள்ளே இறங்கிய அன்றைக்கு, கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள்ளிருந்து இரும்பு ஏணியில் தட்டும் சத்தம் வந்ததாம். ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. பாய் ஓடிப்போய், "சார், நிறுத்தச் சொல்றான்," என்றாராம். சூப்பர்வைசர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தொட்டிப் பக்கம் திரும்பிக் கத்தினாராம்.

"இன்னா கத்தினாரு பாய்?"

"நீயும்தான் கேட்டியே," என்றார். "அதேதான். ஒரு வார்த்தை மாறல."

மாசி மாதம், சேகரின் முதல் வருஷத் திதியன்று எழுதியது.