கிரில் கதவில் மூன்று கொத்து

போன கோடையில் பத்து நாள் எங்கள் தெரு முழுக்க எனக்கு அம்மை போட்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அது தெரியாது. கேட்டால் சிரிப்பீர்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் சிரிக்க முடியாத ஓர் இடமும் அதில் உண்டு.

கடலூரில், மஞ்சக்குப்பத்தைத் தாண்டி ஒரு நகரில் என் வீடு. மனைவி போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் சிதம்பரத்தில் இருக்கிறாள், அண்ணாமலை நகரில். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து அப்போது ஐந்து மாதம். தாய் வீட்டுப் பிரசவம் என்று கூப்பிட இங்கே தாய் இல்லையே, அதனால் எல்லாம் மாமியார் வீட்டிலேயே நடந்து முடிந்தது. குழந்தை இந்த வீட்டு வாசலை அதுவரை மிதிக்கவில்லை. 'வர்ற ஞாயித்துக்கெழம தூக்கிக்கிட்டு வரோம்ப்பா' என்று மகள் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தூளி கட்ட ஒரு பழைய நூல் புடவை வேண்டுமே என்று பீரோவைத் திறந்தேன். மனைவி போனபிறகு அன்றைக்குத்தான் திறக்கிறேன். உள்ளே பூச்சி ஓடியது. இரண்டு புடவையில் ஓட்டை.

இதெல்லாம் அவள் இலாகா. வருடத்துக்கு ஒருமுறை வேப்பிலையை நிழலில் காயவைத்து மடிப்புக்கு மடிப்பு வைப்பாள். அரிசி டப்பாவில் ஒரு பிடி. கொசு ஜாஸ்தியானால் சட்டியில் நெருப்புப் போட்டு இலையைத் தூவுவாள். கீழே உதிர்கிற பூவைக்கூட விடாமல் பொறுக்கிக் காயவைத்து ரசம் வைப்பாள். எனக்குத் தெரிந்த வேம்பு வேறு. முப்பது வருடம் குறிஞ்சிப்பாடியில் ஓர் உரக்கடையில் நின்றவன் நான். யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து போட்டால் சத்து மெதுவாக இறங்கும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசல் விட்டு அடித்தால்தான் தண்ணீரோடு சேரும், இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது யூரியாவே வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அப்போது அப்படியில்லை. புண்ணாக்கு மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, 'ஏன்ணே, கசப்பு வாடையே காணோமே, மரத்தூளக் கலந்துட்டியா?' என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். அந்தப் பேச்சுக்காகவே நான் கடைக்குப் போனேன் என்று சொல்லலாம். வீட்டு வேம்பைக் கற்றுக்கொள்ள நேரம் இல்லை, அவள் இருந்ததால் தேவையும் இல்லை.

அந்தப் புதன்கிழமை கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்து, கம்பியில் உரசிய எங்கள் வீட்டு வேம்பின் கிளைகளை வெட்டி வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இதுதான் சமயம் என்று நல்ல இலையாக ஒடித்து மூன்று கொத்தாகக் கட்டினேன். நிழலும் காற்றும் ஒன்றாக இருக்கிற இடம் வராண்டாவின் கிரில் கதவு. ஸ்டூல் போட்டு ஏறி, தெருவைப் பார்த்த மாதிரி மூன்றையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். வாசலில் வேப்பிலை தொங்கினால் என்ன அர்த்தம் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பூச்சி, புடவை, தூளி, ஞாயிறு என்று ஓடிக்கொண்டிருந்த என் புத்தியில் அது வரவே இல்லை. இறங்கும்போது கால் பிசகியது. கணுக்கால் வீங்கிப் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லை.

அப்புறம் தெரு என்னைவிட்டு விலகிப்போனது. பால்காரர் குரல் கொடுக்காமல் பாக்கெட்டை மதில்மேல் வைத்தார். காய்கறிக்காரம்மா என் வாசல் வந்ததும் கூவுவதை நிறுத்தி, அடுத்த வாசலில் போய்க் கூவினார். வாசலில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டார்கள். திருவிழா வசூலுக்கு நோட்டோடு வந்தவர்கள்கூட என் கேட்டில் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். வசூல்காரர்களே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிற ஆளாகிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். தினம் காலையில் கேட்டில் ஒரு பை தொங்கும். உள்ளே இளநீர், ஒருநாள் நுங்கு, ஒருநாள் தூக்கில் கூழ். பக்கத்து வீட்டுத் தம்பி வைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 'தம்பி' என்று கூப்பிட்டதற்குக் கையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெயில் காலமாயிற்றே, பெரிய மனசு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, இந்த வாரம் வர முடியாதுப்பா. அவருக்கு வேல இருக்கு."

"பரவால்லம்மா."

"ஒடம்பப் பாத்துக்குங்க. சூடா ஒண்ணும் சாப்புடாதீங்க. மோர் நெறைய குடிங்க."

"சரிம்மா."

ஞாயிற்றுக்கிழமையில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எதற்குப் பொய் சொல்கிறாள் என்று தோன்றியது. கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகக் கட்டியிருந்த தூளியை அவிழ்த்து மடித்து வைத்தேன். இதுதான் நான் முதலில் சொன்ன சிரிக்க முடியாத இடம். பத்து நாள் ஒரு மனுஷன் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வராமல் இருப்பது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

பதினோராம் நாள் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் அதைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு எட்ட நின்றார்.

"உள்ள கொண்டாந்து வைப்பா, எனக்குக் கால் முடியல."

"மன்னிச்சிக்குங்க சார். வூட்டுல கைக்கொழந்த இருக்கு. வேப்பில கட்டுன வாசலுக்குள்ள நான் வரமாட்டேன்."

திரும்பிக் கதவைப் பார்த்தேன். காய்ந்து சருகாகி மூன்று கொத்தும் ஆடிக்கொண்டிருந்தன. பத்து நாளும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குப் புரிந்தது. நொண்டிக்கொண்டே மதிலோரம் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! பத்து நாளா எங்க வூட்டுல தாளிக்கலியே மாமா! கடுகு வெடிச்சா அம்மாவுக்கு ஆகாதுன்னு எண்ணெச் சட்டியவே தொடல. மீன் இல்லாம எங்க வூட்டுக்காரரு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியறாரு!"

"நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"அம்மா வந்திருக்கிற வூட்டுல போயி வந்திருக்கான்னு கேப்பாங்களா? துண்டப் போத்திக்கிட்டு நொண்டி நொண்டி நடந்தீங்க. நான்தான் ஒங்க பொண்ணுக்குப் போன் பண்ணி, கொழந்தையத் தூக்கிக்கிட்டு வந்துடாதம்மான்னேன்."

கொத்தை அவிழ்க்கக் கையைத் தூக்கினேன். "அய்யோ, கைய வைக்காதீங்க! தலைக்கு மூணு தண்ணி ஊத்தாம எறக்கக் கூடாது" என்று கத்தினாள்.

"வராத நோய்க்கு எதுக்கும்மா தண்ணி?"

"வந்துச்சோ வரலியோ, கட்டுனது கட்டுனதுதான். அவளக் கூப்பிட்டு ஒக்கார வெச்சிட்டு, மொறையா அனுப்ப வாணாமா?"

மகளுக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு மூச்சு முட்டச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்பா, பத்து நாளா ஒருத்தரும் வரல. ஏன்னு யாரையும் நீங்க கேக்கவே இல்லியா?"

"கால் வலிதானேம்மா..."

"நான் வரலன்னப்பகூட ஒண்ணும் கேக்கலியே. நீங்க மறைக்கறீங்கன்னு நான் அழுதுக்கிட்டு இருந்தேன்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். உரக்கடையில் முப்பது வருடம் வாய் மூடாமல் பேசியவன்.

"மூணு தண்ணியும் ஊத்திக்குங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வரோம்" என்று வைத்துவிட்டாள்.

சொன்னபடி வந்தாள். குழந்தை என் மீசையைப் பிடித்து இழுத்தது, தூங்கியது, அழுதது. வெயில் தாழ்ந்ததும் கிளம்பிப் போனார்கள். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு அதிகம் நினைவுக்கு வருவது முந்தின நாள், மூன்றாம் தண்ணி ஊற்றிய சனிக்கிழமை.

பக்கத்து வீட்டுப் பெண் அண்டாவில் தண்ணீர் பிடித்து, மரத்திலிருந்து பச்சை இலை பறித்துப் போட்டு, மஞ்சளும் கலந்து வெயிலில் வைத்திருந்தாள். கால் இடறும் என்று அவள் வீட்டுக்காரர், அந்தப் பை வைத்த தம்பி, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, என்னைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக் கல்லில் உட்காரவைத்தார். அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் என் தலையில் வைத்துத் தேய்த்தார். மீன் கிடைக்காத கோபம் எல்லாம் அந்தத் தேய்ப்பில் இருந்தது. சொம்பு சொம்பாக வெதுவெதுப்பான தண்ணீர் தலையில் இறங்கியது. கண்ணில் கசப்பு இறங்கி எரிந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

"போதுங்களா மாமா? அண்டா காலியாவப் போவுது."

போதும்தான். உச்சியிலிருந்து பாதம்வரை நனைந்துவிட்டிருந்தது.

"இன்னும் ரெண்டு சொம்பு ஊத்து தம்பி" என்றேன்.